வேல அங்கன, ஓட்டு இங்கன

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் சந்தோஷப்பட்டதாகத்தான் உனக்குத் தோன்றியிருக்கும். "நல்லது சாமி, இன்னும் நல்லா வருவ" என்று சொன்னேன் அல்லவா? நீ வைத்த பிறகு, அடுப்பில் இருந்த புளிக்குழம்பு அடிப்பிடித்துத் தெருவுக்கே வாடை போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் யாரோ உன்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பத்தாவதோடு நின்றுபோன கையெழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் பொறுமையாகப் படி. நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். தேர்தலில் கட்சிகள் என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற கம்பெனியில் உனக்கு வேலை. இந்த முறை நம் பக்கத்துத் தொகுதிகளுக்கு நறுக்கென்று ஒரு வரி வேண்டும் என்று உன் மேலதிகாரிகள் கேட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று எழுதினார்கள். நீ கொடுத்ததுதான் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 'வேல அங்கன, ஓட்டு இங்கன, நாங்க எங்கன?' கலர் கலராக அச்சடித்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். "நீயா எழுதுன?" என்று கேட்டேன். "நானா எழுதலம்மா, சின்ன வயசுல நம்மூர்ல கேட்டது. சனங்க சொல்றதுதான, யாருக்கும் சொந்தம் இல்ல" என்று சிரித்தாய். பிறகு ஓர் உதவி கேட்டாய். அந்த வரியை ஒரு பெண் சொல்வதுபோல வீடியோ எடுக்க வேண்டும், நடிகை கூடாது, நிஜமாகவே ஏலத் தோட்டத்தில் காய் எடுத்த கையாக இருக்க வேண்டும், ஊரில் யாரையாவது பார்த்து வை என்றாய்.

சனங்கள் சொல்வது இல்லை தம்பி அது. அந்த வரிக்கு ஆள் இருக்கிறது. சொன்ன ஆளும் இருக்கிறது, அதற்காக அடிபட்ட ஆளும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் இல்லை என்பதுதான் இத்தனை வருஷமாக நான் உன்னிடம் மறைத்தது.

நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கங்காணி ஆகியிருந்தேன். கங்காணி என்றால் பெரிய உத்தியோகம் என்று உன் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தாய், பாவம். விடியும் முன்னே நம்மூர் தேவாரத்தில் தெருத் தெருவாகக் குரல் கொடுத்துப் பெண்களைக் கிளப்பி, பதினான்கு பேரை ஒரு ஜீப்பில் அடைத்து, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் அதே பதினான்கு பேரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. பேர் எழுதத் தெரிந்தவள் என்பதால் எனக்குக் கிடைத்தது. காய் எடுக்க மற்றவர்களைப் போல நாள் முழுக்கக் குனிந்து கிடக்க வேண்டியதில்லை. முக்கியமாக, டிரைவர் பக்கத்தில் முன்சீட்டு. பின்னால் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு வரும்போது நான் காலை நீட்டிக்கொண்டு வருவேன். அந்த முன்சீட்டின் ருசி எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் மீதியைச் சொல்ல முடியாது.

பஞ்சு சித்தியை உனக்கு நினைவிருக்கும். பஞ்சவர்ணம். நம் தெருவில் மூன்றாவது வீடு. எனக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் நீ அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாய். மழை நாளில் தோட்டத்துக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் தாளை உன் தலைமேல் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இருந்து வீடு வரைக்கும் கூட்டி வருவாள், தான் நனைந்துகொண்டு. ஜீப்பில் அவள் இடம் பின் கதவை ஒட்டிய மூலை. வாய் ஓயாது. அட்டை கடித்தாலும் சிரிப்பு, மானேஜர் திட்டினாலும் சிரிப்பு. என்னை "யக்கா, யக்கா" என்று சுற்றிச் சுற்றி வருவாள். நான் எதைச் சொன்னாலும் அதை நாலு பேர் கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்வதில் அவளுக்கு ஓர் ஆசை.

அந்த வருஷம் ஏலக்காய் விலை எகிறிவிட்டது. போடியில் நடக்கிற ஏல விற்பனையில் எங்கள் முதலாளியின் சரக்கு நல்ல விலைக்குப் போயிற்று என்று ஒரு நாள் தோட்டத்துக்கு லட்டு வந்தது. மானேஜர் தன் கையாலேயே கொடுத்தார். எல்லோரும் காய்ப்பால் கறுத்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். ஆண்களுக்கு இரண்டு லட்டு, பெண்களுக்கு ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் அதை யோசித்துச் செய்யவில்லை. கூலியில் எப்படியோ, கைப்பழக்கத்தில் லட்டிலும் அப்படியே வந்துவிட்டது. அங்கேயே தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகளுக்கு ஒரு கூலி, கீழே இருந்து ஜீப்பில் போகிற ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்களுக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கூலி. அதைக் கேட்டுப் பழகிப்போயிருந்தோம். ஆனால் லட்டைப் பார்த்ததும் பஞ்சுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், லட்டுலயுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். மானேஜர் அவளுக்கு மட்டும் இன்னொரு லட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் கையில் இருந்த ஒன்றையும் அப்படியே திரும்ப வைத்துவிட்டார்கள். நான் தின்றுவிட்டேன். நான் வரிசையில் முதலில் நின்றவள்.

அன்று சாயங்காலம் ஜீப்பில் ஒரே பேச்சு. கூலி கேட்க வேண்டும், நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது, எங்கே போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது. "நம்ம ஓட்டு வாங்குனவுககிட்ட கேப்போம்" என்றாள் ஒருத்தி. "அவுக நம்மூருக்காரவுக, தோட்டம் கேரளாவுல கெடக்கு, அவுக என்னத்த செய்வாக?" என்றாள் இன்னொருத்தி. "அப்ப கேரளாக்காரவுககிட்ட கேப்போம்." "ஏன், அவுகளுக்கு நீ ஓட்டா போட்ட?" இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் முன்சீட்டில் இருந்து திரும்பி, கேலியாகத்தான், சொன்னேன். "ஏண்டி, வேல அங்கன, ஓட்டு இங்கன, நாம எங்கனடி?" ஜீப்பே சிரித்தது. டிரைவர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். பஞ்சு அதை வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள், எங்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஐந்து ஜீப்பும் அங்கே போகவில்லை. மெட்டுக்கு மேலே செக்போஸ்ட் பக்கம் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு சண்டை நடந்தது. நான்தான் "இங்கிட்டே உக்காருவோம், நம்ம மண்ணு, நம்ம போலீசு, பொம்பளைகள அடிக்க மாட்டாக" என்று பெரிய புத்திசாலி மாதிரி சொல்லித் தமிழ்நாட்டுப் பக்கம் உட்கார வைத்தேன். கூலி கொடுக்கிறவன் அந்தப் பக்கம், நாங்கள் உட்கார்ந்தது இந்தப் பக்கம். நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு. அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "சேச்சி, நிங்ஙள் இரிக்குன்னது தமிழ்நாட்டிலா, ஞங்ஙள்க்கு ஒண்ணும் செய்யான் பற்றில்லா" என்று, தங்களால் ஒன்றும் செய்ய முடியாதென்பதை மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் இருந்து வந்த தாசில்தாரும் மரியாதைதான். "ஏம்மா, கூலி குடுக்குறது அங்கிட்டு. இங்கன உக்காந்தா நான் என்ன செய்ய முடியும்? எந்திரிச்சுப் போங்க" என்றார். பனி இறங்கிக்கொண்டிருந்தது, பாதிப் பேருக்கு நடுக்கம். அப்போதுதான் பஞ்சு எழுந்தாள். இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் தாள் சரசரக்க, தாசில்தார் முகத்துக்கு நேராக, "சார், வேல அங்கன, ஓட்டு இங்கன, நாங்க எங்கன?" என்று கேட்டாள். கேலிக்கு நான் சொன்னது. அவள் வாயில் வந்தபோது அதில் கேலி துளியும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பேப்பர்காரர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். மறுநாள் பேப்பரில் பஞ்சுவின் படம், மேலே அந்த வரி. டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. மூன்று நாள் உட்கார்ந்தோம். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக மெட்டு ஏறி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த மூன்று நாளும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? இந்த ஊரையே நான்தான் தூக்கி நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. உனக்குக்கூட வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினேன். நீ அந்த வரியைக் கேட்டது அங்கேதான். சனங்கள் சொல்லிக் கேட்கவில்லை, உன் அம்மா சொல்லிக் கேட்டாய்.

நான்காம் நாள் கங்காணிகள் ஐந்து பேரையும் போடியில் முதலாளி வீட்டுக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்குள் இல்லை, கார் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது. காபி வந்தது. மானேஜர்தான் பேசினார். "கூலிய கொஞ்சம் ஏத்தித் தர்றதா முதலாளி சொல்லிட்டாக. அம்புட்டையும் ஏத்த முடியாது. நாளைக்கு ஜீப்பு வரணும்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு சுலபமாக முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்தார். "பேப்பர்ல வந்துச்சே ஒரு வசனம், அதுதான் அவுக மனசுல தச்சுப்போச்சு. ஒங்க ஜீப்பு ஆளுதான? அத ஆரு கெளப்பி விட்டது?"

தம்பி, நான் யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமே எடுக்கவில்லை. "பஞ்சவர்ணந்தான் சார், அவளுக்கு வாய் சும்மா இருக்காது" என்றேன். படத்தில் இருந்தவள் அவள்தானே, அவர்களுக்குத் தெரியாததா என்று பிறகு எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது படத்தில் யார் என்று இல்லை. கிளப்பி விட்டது யார் என்றுதான் கேட்டார். அதற்கு ஒரே பதில்தான் உண்டு, அது அந்த நாற்காலியில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அந்தப் பொம்பளைய இனி ஏத்த வேணாம். எந்த ஜீப்புலயும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியலில் பஞ்சு எப்போதும் நிற்கிற முக்கில் தூக்குவாளியோடு நின்றாள். கை காட்டினாள். நான் டிரைவரிடம் "போ" என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். பின்னால் இருந்த பெண்கள் "யக்கா, பஞ்சு, பஞ்சு" என்று கத்தினார்கள். "எடம் இல்ல, அவளுக்கு வேற ஜீப்பு சொல்லியிருக்கு" என்றேன். அடுத்த நாளும் நின்றாள். மூன்றாம் நாள் அந்த முக்கில் ஆள் இல்லை, அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளிப் போடி ரோட்டில் திரும்பினால், அங்கே நிற்கிறாள். அந்த முக்கில் நின்றால் ஜீப் நிற்பதில்லை, ரோட்டுக்கு வந்து நின்றால் நிற்கும் என்று நினைக்கிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன். ஒன்பது நாள் இப்படி இடம் மாற்றி மாற்றி நின்றாள். ஒவ்வொரு நாளும் நான் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பத்தாம் நாள் அவள் வரவில்லை. ஏற்றித் தந்த கூலியைப் பெண்கள் வாங்கியது அதே வாரத்தில்தான். அவர்களுக்கும் கொஞ்ச நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அடுத்த நாள் விடியலில் ஜீப்பை நிறுத்துவதும் நிறுத்தாததும் என் கையில் அல்லவா இருந்தது.

"பஞ்சு சித்தி ஏம்மா வரல?" என்று நீ கேட்டாய். "அவளுக்குத் தோட்டத்து வேல பிடிக்கலையாம்" என்றேன். நீ நம்பினாய். அந்த முன்சீட்டில் இருந்துகொண்டுதான் உன்னை மதுரையில் காலேஜ் படிக்க வைத்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பெருமையும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் வேலையே அதுதான். நாங்கள் உட்கார்ந்ததால் பேச்சு மாறியதா என்று கேட்டால், மாறியது. முன்பெல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ரோடு போடுவேன், தண்ணீர் விடுவேன், சுடுகாட்டுக்குப் பாதை போடுவேன் என்பார்கள். தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. விபத்து நடந்தால் மாலையோடு வருவார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று நாளுக்குப் பிறகு வந்த தேர்தலில், எங்கள் கூலியைப் பேசாமல் ஒரு வேனும் இந்தத் தெருவைத் தாண்டவில்லை. முதல் வேன் வந்து மைக்கில் 'வேல அங்கன, ஓட்டு இங்கன' என்று சொன்னபோது, கூட்டத்தில் ஓரமாக நின்ற பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன், நாம் பேசியதை அவர்கள் பேசுகிறார்கள், இனி எல்லாம் நடக்கும் என்று.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் அதையே சொன்னார்கள். எங்கள் வரியை அவர்கள் திருடிவிட்டார்கள் என்று ஒரு கூட்டத்திலும், இல்லை நாங்கள்தான் முதலில் சொன்னோம் என்று இன்னொரு கூட்டத்திலும் காரசாரமாகச் சண்டை போட்டார்கள். வரிக்காகப் போட்டார்கள், கூலிக்காக இல்லை. அதற்கடுத்து ஒரு கூட்டத்துக்குப் போனேன். மேடையில் எங்கள் முதலாளியே உட்கார்ந்திருந்தார், வெள்ளை வேட்டி, தோளில் கட்சித் துண்டு. எழுந்து மைக்கைப் பிடித்து, "நம்ம தாய்மாருக கேக்குறாக, வேல அங்கன, ஓட்டு இங்கன, நாங்க எங்கன்னு" என்றார். குரல் தழுதழுத்தது. கைதட்டு அடங்கவே இல்லை. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தெரியும் என்று பயம். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் பம்பரம் விடும்போதுகூட அதைச் சொல்லி விளையாடுகிறார்கள். கூலி எங்கே நிற்கிறது என்று கேட்டால், விலைவாசி ஏறுகிற அளவுக்கு அதுவும் முக்கி முனகி ஏறுகிறது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இருக்கிற இடத்தில் இருக்கிறது. இங்கே இருப்பவர்களைக் கேட்டால் அந்த அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். அங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் பேச்சும் இல்லை. அன்றைக்கு மூங்கில் தடுப்புக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது தம்பி. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் உங்கள் ஊருக்குப் போங்கள் என்றிருப்பார்கள். படித்தவன் நீ, உனக்குத் தெரிந்தால் சொல்.

முட்டி தேய்ந்து போன வருஷம் முன்சீட்டை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது அதில் வேறொருத்தி போகிறாள். பஞ்சு கீழ்க்காட்டில் பீட்ரூட் பிடுங்கவும் வெங்காயம் அறுக்கவும் போகிறாள், தோட்டத்துக் கூலியை விட அது குறைச்சல்தான். தினமும் தெருக்குழாயில் பார்த்துக்கொள்கிறோம். "தண்ணி வந்துருச்சா?" "இப்பத்தான் வருது." இத்தனை வருஷமாக எங்களுக்குள் இருக்கிற பேச்சு அவ்வளவுதான். நீ கேட்ட உதவிக்காக, திங்கட்கிழமை காலையில் அவள் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது போய்ப் பக்கத்தில் நின்றேன். உன் கம்பெனி, உன் வீடியோ, அந்த வரி, எல்லாவற்றையும் சொன்னேன். "நீதான் சொல்லணும் பஞ்சு. வேற ஆரும் சொன்னா சரிப்படாது" என்றேன். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடியில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அன்னைக்கி ஜீப்பு போகையில ஒம் மொகம் அங்கிட்டுத் திரும்புச்சுல்ல, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா தெனமும் நின்ன?"

"ஒரு நா இல்லாட்டி ஒரு நா மனசு மாறும்னு நின்னேன்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை, அது நியாயம்தான். பிறகு குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"தம்பி நல்லா இருக்காராக்கா? பெரிய வேலயாமில்ல. அவரு கேட்டு நான் மாட்டேங்கல. வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு கேட்டுச் சொல்லு. எம் மருமக இப்ப ஜீப்புல போறா, நான் ஒக்காந்த அதே மூலையில. இந்தத் தடவ நான் அதச் சொன்னா, ஜீப்புல இருந்து ஆர எறக்குவாக?"

நீ பேரும் புகழுமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. வேலையை விடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, விட்டால் நீ என்ன செய்வாய் என்றும் தெரியாது. அந்த வரியை எடுத்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். எடுத்தால் மறுபடி ரோடு, தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாருமே பேசாமல் கிடந்த காலமும் எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் அது பாதிக்குத்தான் சரியாக இருக்கிறது. உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. 'சனங்க சொல்றது' என்று இனி யாரிடமும் சொல்லாதே. பஞ்சு சித்தி சொன்னது என்று சொல். யார் அது என்று கேட்டால், என் அம்மா ஜீப்பில் இருந்து இறக்கிவிட்டவள் என்று சொல். எனக்கு அவமானம்தான், பரவாயில்லை.

நேற்றும் குழாயில் கேட்டாள். "தம்பி என்ன சொன்னாருக்கா?" இன்றும் கேட்டாள். அவனிடம் இன்னும் கேட்கவில்லை, வேலையாக இருப்பான் என்றேன். உன் மேலதிகாரிகளைக் கேள், கட்சிக்காரர்களைக் கேள், முடிந்தால் நம் முதலாளியையும் கேள், இப்போது எல்லோரும் ஒரே வரியைத்தானே சொல்கிறீர்கள். அவள் மருமகளை யாரும் இறக்க மாட்டார்கள் என்று யாராவது ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால், அந்தப் பேரை எழுதி அனுப்பு. நாளைக்கும் விடிந்ததும் தண்ணீர் வரும். அவள் குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்கு இடமில்லை தம்பி, அவளிடம் என்ன சொல்ல?

பதிலை எதிர்பார்த்து,
அம்மா